கள்ளிச்செடி வாடுகிறதா, அழுகுகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

வீட்டில் வளர்க்கும் பாலைவனக் கள்ளி முன்பு போல இல்லை என்று தோன்றினால், முதலில் கையில் இருக்கும் தண்ணீர்க் குவளையைக் கீழே வையுங்கள். "கொஞ்சம் பாருங்களேன்" என்று என்னிடம் வந்து சேரும் தொட்டிகளில் நிஜமாகவே தண்ணீர் இல்லாமல் கெட்டது அபூர்வம். செடி சுருங்கியதும் பதறி ஊற்றியிருப்பார்கள். தேறவில்லை என்று மறுபடியும் ஊற்றியிருப்பார்கள். வேர் போன பிறகுதான் தொட்டி என் கைக்கு வரும். தாகத்தால் சுருங்கிய கள்ளியும் வேர் அழுகிச் சுருங்கிய கள்ளியும் வெளிப்பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

## எதையும் தொடங்கும் முன்: மூன்று சோதனைகள்

அழுத்திப் பார்ப்பது. பென்சிலின் மழுங்கிய முனையால் செடியின் அடி, நடு, உச்சி மூன்றிலும் மெதுவாக அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் அவசரம் இல்லை. சற்றுத் தளர்ந்து, ஆனால் ரப்பர் போலத் திரும்பி வந்தால் உள்ளே நீர் குறைந்திருக்கிறது. பென்சில் அமுங்கிய இடத்தில் குழி அப்படியே நின்றாலோ நீர் கசிந்தாலோ அழுகல். நேராக அடுத்த பகுதிக்குப் போய்விடுங்கள்.

குச்சி. மெல்லிய மூங்கில் குச்சியைத் தொட்டியின் அடி வரை இறக்கிப் பத்து நிமிடம் விட்டு எடுங்கள். மேல் மண் பொடிப்பொடியாக இருக்கும்போதே அடியில் சேறாக இருப்பது சர்வ சாதாரணம். குச்சியில் மண் ஒட்டி வந்தால் ஈரம் இருக்கிறது.

கனம். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். நாலைந்து முறை பழகிவிட்டால் இதுவே போதும், குச்சிகூட வேண்டாம்.

செடி பாலைவனக் கள்ளிதானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கள்ளியில் ஒவ்வொரு முள்கொத்தும் ஒரு சின்னப் பஞ்சுப்புள்ளியிலிருந்து கிளம்பும். கீறினால் கெட்டியான வெள்ளைப் பால் கொட்டுகிறது என்றால் அது பெரும்பாலும் யூஃபோர்பியா இனம். தண்ணீர் விஷயத்தில் கீழே சொல்வது அதற்கும் ஓரளவு பொருந்தும், ஆனால் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தட்டையான துண்டுகள் சங்கிலி போலத் தொங்கும் கிறிஸ்துமஸ் கள்ளி, பிரேசில் காடுகளில் மரத்தின் மேல் வாழ்வது. அதை இந்த முறையில் காயப்போட்டால் செத்துப்போகும்.

## அடிப்பகுதி பழுப்பாகி, நிறம் மேலே ஏறுகிறது

கெட்டியாக, மரப்பட்டை போல இருந்தால்: வயதாகிறது, அவ்வளவுதான். பல கள்ளிகளுக்கு வயது ஏற ஏற அடித்தோல் தக்கை போல இறுகும். சொரசொரப்பாக, காய்ந்து, வாசனை இல்லாமல், மாதக் கணக்கில் மெதுவாக ஏறும். ஒன்றும் செய்ய வேண்டாம். பச்சையாக்க முயன்று தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள், பாவம் செடி.

மெத்தென்று, ஈரமாக, அழுகிய வாடையுடன் இருந்தால்: அடி அழுகல். நாள் கணக்கில் மேலே ஏறும், எனவே அன்றைக்கே வெட்ட வேண்டும். மண்ணை மாற்றுவதோ மருந்து ஊற்றுவதோ இந்த நிலையில் உதவாது.

கூரான, மெல்லிய கத்தியை எடுத்து ஆல்கஹாலில் துடையுங்கள். அழுகல் தெரியும் இடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே குறுக்காக ஒரே இழுப்பில் வெட்டுங்கள். வெட்டுமுகத்தை வெளிச்சத்தில் பாருங்கள்: வெளியே பச்சைச் சதை, நடுவில் வெளிறிய சோறு, இரண்டுக்கும் இடையே ஒரு வளையம். செடியின் நீர்க்குழாய்கள் ஓடுவது அந்த வளையத்தில்தான். அதில் குண்டூசித் தலை அளவுக்கு ஆரஞ்சு அல்லது செம்பழுப்புப் புள்ளி ஒன்று இருந்தாலும் நோய் அங்கிருந்து மேலே போய்விட்டது என்று பொருள். கத்தியை மறுபடி துடைத்து, இன்னும் ஒரு சென்டிமீட்டர் மேலே வெட்டுங்கள். வளையம் முழுக்கச் சுத்தமாகும் வரை இதையே செய்ய வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்கச் சோம்பல்பட்டால், அழுகலை நாமே நல்ல சதையில் தடவிவிடுவோம்.

சுத்தமானதும் ஓரத்துத் தோலைச் சுற்றிலும் சாய்வாகச் சீவிவிடுங்கள். காயும்போது நடுப்பகுதி உள்வாங்கும். சீவாவிட்டால் முரட்டுத்தோல் விளிம்பாகத் துருத்தி நிற்கும், வேர் நடுவளையத்திலிருந்து கிளம்பி மண்ணைத் தொட முடியாமல் தொங்கும். கந்தகத் தூள் இருந்தால் தூவலாம், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். சின்னச் செடிக்கு இரண்டு வாரம், கை தடிமனுக்கு மேல் போனால் ஒரு மாதம் அல்லது அதற்கு மேலும் ஆகும். வெட்டுமுகம் உலர்ந்து தோல் கட்டிய பின் காய்ந்த மண்கலவையின் மேல் உட்கார வைத்து, வேர் தெரிந்த பிறகுதான் முதல் தண்ணீர். அதுவரை செடி தன் உடம்பில் இருப்பதைக் கொண்டே சமாளிக்கும்.

உச்சியில் அழுகல் இருந்தால்: குழிவான உச்சியில் நீர் தேங்கியிருக்கும். அழுகலை வெட்டி எடுத்து, காயத்தைக் காய விடுங்கள். அடிப்பாகம் நன்றாக இருந்தால் பக்கத்துப் பஞ்சுப்புள்ளிகளிலிருந்து குட்டிகள் வெடித்து வரும்.

வளையம் உச்சி வரை நிறம் மாறியிருந்தால்: செடியைக் காப்பாற்ற முடியாது, மண்ணோடு சேர்த்துக் குப்பைக்குப் போகட்டும். அபூர்வமான வகை என்றால் மட்டும், உச்சித் துண்டை ஒட்டுக் கட்டத் தெரிந்த நர்சரிக்காரரிடம் அன்றே கொண்டுபோங்கள். ஒரே தொகுப்பில் பல செடிகள் அடுத்தடுத்து அழுகினால் ஒரு செடியைத் தாவர நோய் ஆய்வகத்துக்குக் கொடுத்துப் பார்ப்பது நல்லது. என்ன கிருமி என்று தெரியாமல் பூஞ்சைக்கொல்லி வாங்குவது வீண்செலவு.

## சுருங்கி, மடிப்பு விழுந்துவிட்டது

குளிர்காலமாக இருந்து, செடி ஓய்வில் இருந்தால்: இயல்பு. லேசாகச் சுருங்கி மண்ணை நோக்கி இறங்குவது போலக்கூடத் தெரியும். வெப்பம் திரும்பும் வரை விட்டுவிடுங்கள்.

மண் அடிவரை காய்ந்திருந்தால்: இப்போது குவளையை எடுக்கலாம். தொட்டியின் துளை வழியாக நீர் வெளியேறும் வரை ஊற்றி, அடித்தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். வாரம் இரண்டு ஸ்பூன் என்று கணக்குப் பார்த்து ஊற்றுவது மோசமான பழக்கம். மேல் மண் மட்டும் நனையும், அடியில் இருக்கும் நுண்வேர்கள் காய்ந்து சாகும். ஒரு வாரம் பொறுங்கள். மடிப்புகள் விரிந்தால் பிரச்சினை தீர்ந்தது.

ஊற்றிய நீர் உடனே துளை வழியாக ஓடிவிட்டால்: தென்னைநார்க் கழிவோ பீட்டோ (சதுப்புநிலப் பாசி மக்கு) அதிகம் உள்ள கலவை முற்றிலும் காய்ந்தால் தண்ணீரை உள்ளே விடாது, ஓரமாக வழியவிடும். தொட்டியை ஒரு வாளி நீரில் பாதி அளவுக்கு அரை மணி நேரம் வைத்து எடுங்கள். அடுத்த முறை மண்ணை மாற்றிவிடுங்கள்.

ஒரு வாரம் ஆகியும் விரியவில்லை, அல்லது மண் ஈரமாக இருந்தும் சுருங்குகிறது என்றால்: வேர் இல்லை. இனி ஒரு சொட்டுக்கூட வேண்டாம். செடியைச் செய்தித்தாள் பட்டையால் சுற்றிப் பிடித்துத் தொட்டியிலிருந்து வெளியே எடுங்கள். வெளிர் நிறத்தில், இழுத்தால் அறாத வேர்கள் நல்லவை. கறுத்து, இழுத்தால் மேல்தோல் உறையாக உருவிக்கொண்டு வருவது செத்த வேர். செத்ததை எல்லாம் நல்ல சதை வரை வெட்டி, ஒரு வாரம் உலர்த்தி, புது மண்ணில் நடுங்கள்.

புதிதாக வாங்கிய செடியானால் வேர்ப்பந்தின் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். நாற்றுப் பருவத்தில் வைத்த பீட் கட்டி, சில நேரம் வலைப்பையோடு, அப்படியே உள்ளே இருக்கும். சுற்றியுள்ள மண் காய்ந்த பிறகும் அந்தக் கட்டி மட்டும் வாரக் கணக்கில் ஈரம் விடாது. பிரித்து எடுத்துவிடுங்கள். மேலே பசை போட்டு ஒட்டிய கூழாங்கல் அடுக்கு இருந்தால் அதையும் பெயர்த்துப் போடுங்கள்.

வேர்களிலும் தொட்டியின் உட்சுவரிலும் வெள்ளை மாவு ஒட்டியிருந்தால்: வேர் மாவுப்பூச்சி. மண் முழுவதையும் கழுவி நீக்கி, வேரைச் சுருக்கி வெட்டி, உலர்த்தி, வேறு தொட்டியில் நடுங்கள். பழைய மண்ணை வேறு செடிக்குப் போடக் கூடாது. பக்கத்துத் தொட்டிகளையும் தூக்கிப் பாருங்கள், ஒன்றோடு நிற்காது.

மண்கலவை பற்றிக் கேட்பார்கள் என்பதால்: பாதி முதல் முக்கால் பங்கு வரை பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்), பெர்லைட் (சூட்டில் பொரித்த வெள்ளை எரிமலைக்கல்), சிறு சரளை போன்ற பருமனான பொருள் இருக்கட்டும், மிச்சம் சாதாரணத் தொட்டி மண். பொடி மணல் வேண்டாம், அது இடைவெளிகளை அடைத்து இறுகிவிடும். துளை இல்லாத தொட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் கள்ளிக்கு ஆகாது.

## உச்சி மெலிந்து, வெளிறி, கூம்பாக நீளுகிறது

வெளிச்சம் போதவில்லை. வேறு காரணம் தேட வேண்டியதில்லை. உருண்டையாக இருக்க வேண்டியது பம்பரத்தைக் கவிழ்த்தது போலக் கூர்ந்து நிற்கும், முட்கள் சிறுத்து இடைவெளி விட்டு வரும்.

வெயில் நேராக விழும் சன்னலுக்கு, கண்ணாடியை ஒட்டி மாற்றுங்கள். அறைக்குள் இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும், செடிக்கு இருட்டுதான். சன்னலே இல்லை என்றால் செடிகளுக்கான எல்இடி விளக்கு. நீண்ட பகுதி மறுபடி குண்டாகாது, இனி வரும் வளர்ச்சி மட்டும் சரியாக வரும். இடை சிறுத்த அந்த உருவம் கண்ணை உறுத்தினால், வளரும் பருவத்தில் அழுகலுக்குச் சொன்னது போலவே வெட்டி மேல்பாகத்தை வேர்விடச் செய்யலாம். குளிர்காலத்தில் வெப்பமான, இருட்டான அறையில் வைத்துத் தண்ணீரும் ஊற்றுபவர்களிடம்தான் இதை அதிகம் பார்க்கிறேன். இருட்டில் வைத்தாக வேண்டும் என்றால் தண்ணீரை நிறுத்திவிடுங்கள், வளராமல் சும்மா இருக்கும்.

## தோலில் திட்டுகள்

வெயில் படும் பக்கம் மட்டும் வெளுத்து, பின் வைக்கோல் நிறமானால்: வெயில் சுட்டுவிட்டது. நிழலில் வளர்ந்த செடியைத் திடீரென்று வெளியே வைத்தால் ஒரே பிற்பகல் போதும். தழும்பு போகாது, பரவவும் செய்யாது. நிழலுக்கு மாற்றி, காலை வெயில் ஒரு மணி நேரத்தில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

உடம்பு முழுக்கச் செந்நிறமோ ஊதாவோ ஏறினால்: கடும் வெயில் அல்லது குளிரின் விளைவு. கெட்டியாக இருந்தால் கவலை இல்லை.

உச்சியைச் சுற்றிலும் துருப்பிடித்தது போல நுண்ணிய பழுப்பு வந்தால்: இதை வெயில் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், அதுதான் வினை. செஞ்சிலந்திப் பேன். அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். உச்சியின் இளம் தோலில் சாறு உறிஞ்சும். வறண்ட, சூடான, காற்று அசையாத இடத்தில் கொள்ளை கொள்ளையாகப் பெருகும். வெள்ளைக் காகிதத்தைக் கீழே பிடித்து முட்களைத் தூரிகையால் தட்டுங்கள். விழுந்த தூசியில் சில புள்ளிகள் நடந்தால், தேய்த்துப் பார்த்தால் செந்நிறக் கோடு விழுந்தால், சந்தேகமே வேண்டாம். முட்களுக்கு இடையே மெல்லிய வலை தெரியும்போது நிலைமை முற்றிவிட்டிருக்கும்.

முதலில் செடியைத் தனியே ஒதுக்கி, தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவி, வேகமாகக் காய விடுங்கள். வாரம் ஒரு முறை மூன்று நான்கு வாரம் திருப்பிச் செய்தால்தான் முட்டையிலிருந்து புதிதாக வருபவையும் போகும். அடங்காவிட்டால் நீரில் கலந்து தெளிக்கும் நனையும் கந்தகம், மாலை நேரத்தில். நல்ல வெப்பத்தில் அடித்தால் அதுவே தோலைச் சுடும். சாதாரணப் பூச்சிமருந்துகள் பல இதற்கு வேலை செய்யாது. இந்தப் பேன் பூச்சியினமே இல்லை, சிலந்திக்கு உறவு. பேனைத் தின்னும் நல்ல பூச்சிகள் செத்துத் தொல்லை கூடவும் செய்யலாம். பெரிய தொகுப்பு முழுக்கப் பரவிவிட்டால் பேன்கொல்லியைத் தேர்ந்தெடுத்து மாற்றி மாற்றி அடிக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பேன் பழகிவிடும்.

## வெள்ளைப் பஞ்சு தெரிகிறது

முதலில் அது செடியின் சொந்தப் பஞ்சா என்று பாருங்கள். மாமிலேரியா என்னும் மேடு மேடான கள்ளி வகையில் மேடுகளுக்கு இடையே பஞ்சு இருப்பது இயல்பு. ஆஸ்ட்ரோஃபைட்டம் என்னும் கள்ளி வகையின் உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் பிறவியிலேயே உண்டு. பூச்சி என்று நினைத்துப் பல் தேய்க்கும் பிரஷால் சுரண்டி மொட்டையடித்த செடிகளைப் பார்த்திருக்கிறேன், அந்தப் புள்ளிகள் திரும்ப வராது. இயல்பான பஞ்சு ஒழுங்கான வரிசையில் இருக்கும். பூச்சி ஒழுங்கில்லாமல், இடுக்குகளில் கொத்தாக இருக்கும். கூடவே எறும்பு வரிசை போனால் அனேகமாக மாவுப்பூச்சிதான். அது கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும்.

சில பூச்சிகள்: 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். வெயிலில் செய்யாதீர்கள். நீல மெழுகுப் பூச்சு உள்ள வகைகளில் பூச்சு அழிந்துவிடும், அங்கே குச்சிமுனை பூச்சியை மட்டும் தொடட்டும். வாரம் ஒரு முறை, நான்கு வாரம்.

நிறைய: செடியை வெளியே எடுத்து வேரையும் பாருங்கள். மேலே அடர்த்தியாக இருந்தால் கீழேயும் இருக்க வாய்ப்பு அதிகம்.

சப்பாத்திக்கள்ளியில், நசுக்கினால் அடர்சிவப்பாக வந்தால்: சாயத்துக்குப் பேர்போன கோச்சினீல் பூச்சி இனம். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, மோசமான மடல்களை வெட்டி அப்புறப்படுத்துங்கள்.

## உடம்பு வெடித்துவிட்டது

நெடுநாள் காயவிட்டுத் திடீரென்று நிறையக் குடிக்க வைத்தால் தோல் கிழியும். காயத்தை நனைக்காமல் விடுங்கள், தழும்பு கட்டும். வெடிப்புக்குள் ஈரமும் வாடையும் இருந்தால் அழுகல் பகுதிக்குத் திரும்புங்கள்.

## சிவப்பு, மஞ்சள் தலை வாடுகிறது

மூன்று பட்டைப் பச்சைத் தண்டின் மேல் சிவப்பு உருண்டை வைத்த செடி இரண்டு செடிகளின் ஒட்டு. மேலே இருப்பது பச்சையமே இல்லாத ஜிம்னோகலிசியம். கீழே இருப்பது பெரும்பாலும் டிராகன் பழக் குடும்பத்துத் தண்டு, தலைக்கான உணவையும் அதுதான் தயாரிக்கிறது. தண்டு வெப்பமண்டலத்தது, 10 டிகிரிக்குக் கீழே தாங்காது, மற்றக் கள்ளிகளைவிடச் சற்று அதிகம் தண்ணீர் கேட்கும். தண்டு மெத்தென்றாகி, தலை கெட்டியாக இருந்தால் வேறு தண்டில் மறு ஒட்டுக் கட்டலாம். இரண்டின் வளையங்களும் ஒன்றையொன்று தொட்டாக வேண்டும், வெட்டிய சில நிமிடங்களில் பொருத்த வேண்டும். கைப்பழக்கம் இல்லாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள். தலையை மண்ணில் நட்டுப் பயனில்லை.

## செடி சாய்கிறது

அடியை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்து வெளிச்சத்தை நோக்கிச் சாய்ந்தால், வாரம் ஒரு முறை தொட்டியைக் கால் சுற்றுத் திருப்பினால் போதும். ஆட்டினால் மண்ணோடு ஆடினால் வேர் பிடிக்கவில்லை. கனமான மண்தொட்டிக்கு மாற்றி, வேர் பிடிக்கும் வரை குச்சிகள் நட்டுத் தாங்கல் கொடுங்கள். ஆள் உயரத்துக்கு மேல் போன தூண் கள்ளி அடி மெத்தென்று சாய்ந்தால் நீங்களாகத் தொடாதீர்கள். உள்ளே முழுக்க நீர், கனம் நினைத்ததைவிடப் பல மடங்கு இருக்கும். மரம் இறக்கும் ஆட்களைக் கூப்பிட்டு மேலிருந்து துண்டு துண்டாக இறக்கச் சொல்லுங்கள்.

## பூக்கவே இல்லை

வாங்கும்போது இருந்த பூ நிஜமா என்று முதலில் பாருங்கள். உலர்பூவைச் சூடான பசையால் ஒட்டி விற்பது நடக்கிறது. அந்தப் பூவின் இதழ்கள் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப மூடித் திறக்கும் என்பதால் உயிருள்ளது என்றே நம்பிவிடுவார்கள். மாதக் கணக்கில் வாடாத பூ கள்ளியில் கிடையாது.

அடுத்து வகை. ரெபூட்டியாவும் பல மாமிலேரியாக்களும் சில வருடங்களிலேயே பூக்கும். ராட்சதத் தூண் கள்ளியான சகுவாரோ முதல் பூவுக்கே சுமார் 35 வருடம் எடுக்கும். எக்கினாப்சிஸ் இனங்கள் பல இரவில் விரிந்து மறுநாளே வாடுவதால் பூத்ததே தெரியாமல் போவதும் உண்டு.

வயது சரி, வெயிலும் சரி என்றால் குறைவது குளிர்கால ஓய்வு. இரண்டு மூன்று மாதம் தண்ணீர் இல்லாமல், 8 முதல் 12 டிகிரி வரை குளிரும் வெளிச்சமான இடத்தில் வைத்தால் பல வகைகள் வசந்தத்தில் மொட்டு விடும். அவ்வளவு குளிர் கிடைக்காத இடத்திலும் தண்ணீரைக் குறைத்து ஓய்வு கொடுங்கள். உரம், வளரும் பருவத்தில் மட்டும், நைட்ரஜன் குறைந்தது, சொன்ன அளவில் பாதி. மொட்டு வந்த பிறகு தொட்டியை இடம் மாற்றினால் மொட்டு உதிர்ந்துவிடலாம்.

## இதையெல்லாம் செய்யும்போது முள் ஏறிவிட்டது

பெரிய முள்ளை இடுக்கியால், ஏறிய அதே கோட்டில் வெளியே இழுங்கள். சப்பாத்திக்கள்ளியின் மயிர் போன்ற நுண்முட்களைத் தேய்த்தால் இன்னும் இறங்கும். கொத்துக் கொத்தாக இருப்பதை இடுக்கியால் எடுத்துவிட்டு, மிச்சத்தின் மேல் வெள்ளைப் பசையைத் தடவி, மெல்லிய துணியை ஒட்டி, காய்ந்ததும் உரித்தால் பெரும்பகுதி வந்துவிடும்.

விரல் மூட்டிலோ அதன் பக்கத்திலோ ஆழமாக ஏறி முறிந்தால், சிவந்து வீங்கினால், நாட்கள் ஆகியும் மடக்க வலித்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள். மூட்டுக்குள் தங்கிய முள்முனை வாரக் கணக்கில் அழற்சியை இழுத்துவிடும். கண்ணில் முள் என்றால் நீங்களே எடுக்க முயலாமல், தேய்க்காமல், அப்படியே கண் மருத்துவமனைக்கு. யூஃபோர்பியா பால் கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு அங்கேதான் போக வேண்டும். செடியின் பெயரையோ படத்தையோ கையோடு கொண்டுபோங்கள், மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார்.